கல்முனைக் கச்சேரிக்கு வந்த அறிஞர் அஸீஸ்

எமது கரையோரத்தில் 'அஸீஸ்துரைக் கண்டம்' என்று பெயர் பெற்ற ஒரு வயற்பரப்பு உண்டு. கல்முனைப் பக்கத்து விவசாயிகளுக்கு அந்தப் பெயர் பழக்கமானது. எங்கள் வகுப்பில் நான் இதைச் சொன்னபோது, துரை என்றதும் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவரைத்தான் தோழிகள் நினைத்தார்கள். அந்தத் துரை யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, குர்ஆன் மத்ரஸாவில் அலிஃப், பே படித்து, பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் தமிழும் ஆங்கிலமும் கற்ற ஒரு முஸ்லிம்.

அவர்தான் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ். உயர்தர வகுப்பில் இஸ்லாமிய நாகரிகம் படிக்கும் எங்களுக்கு அவர் பரீட்சைக்கு வரக்கூடிய ஒரு பெயர். பிறந்த ஆண்டு, அதிபராக இருந்த காலம், எழுதிய நூல்கள் என்று நாலைந்து குறிப்புகளை மனனம் செய்துகொண்டு போய்விடுகிறோம். ஆனால் அவருடைய வாழ்க்கையை ஒழுங்காக ஒரு தடவை வாசித்துப் பார்த்தால், இன்று நாங்கள் வீட்டிலும் வகுப்பிலும் பஸ்ஸிலும் சந்திக்கும் கேள்விகளோடு அவர் ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன்பே மல்லுக்கட்டியிருப்பது தெரிகிறது. ஆகவே பரீட்சைக் குறிப்புகளை ஒரு புறம் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

அஸீஸ் 1911 ஒக்டோபர் 4ஆம் திகதி பிறந்தார். தந்தையார் அபூபக்கர் ஒரு சட்டத்தரணி. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் பொதுக் காரியங்களில் முன்னின்றவர். பிள்ளை முதலில் அல்லாப்பிச்சைக் குர்ஆன் மத்ரஸாவுக்கும் முகம்மதியா கலவன் பாடசாலைக்கும் போனது. அதன்பின் இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயம், அதன்பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. பெயர்களைப் பாருங்கள். அந்தக் காலத்தில் பிள்ளை மார்க்கத்தை விட்டுப் போய்விடும் என்ற பயத்தில் எத்தனையோ முஸ்லிம் பெற்றோர் ஆங்கிலப் பாடசாலைப் பக்கமே பிள்ளைகளை விடவில்லை. கிறிஸ்தவ மிஷன் பாடசாலைகளைப் பற்றிய அந்தப் பயம் முழுக்க ஆதாரமற்றது என்றும் சொல்ல முடியாது. ஆனால் அபூபக்கர் அவர்கள் மகனுக்கு முதலில் குர்ஆனை ஓதக் கொடுத்தார். பிறகு எந்தப் பாடசாலையில் நல்ல படிப்பு இருந்ததோ அங்கே அனுப்பினார். மகன் தொழுகையையும் விடவில்லை, திருக்குறளையும் விடவில்லை. அந்த வரிசைதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்துச் சிறப்புப் பட்டம் பெற்றார். அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே இருக்கும்போதே இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவாகி 1935இல் சேர்ந்தார். அந்தச் சேவையில் நுழைந்த முதல் இலங்கை முஸ்லிம் அவரே. சிவில் சேவை என்றால் இன்றைக்கு எங்களுக்கு விளங்காது. அன்று நாட்டை நடத்திய மிகச் சிறிய ஒரு கூட்டம் அது. அரசாங்க அதிபர்கள், திணைக்களத் தலைவர்கள் எல்லோரும் அதற்குள்ளிருந்தே வந்தார்கள். மரியாதை, சம்பளம், பங்களா, ஓய்வூதியம் எல்லாம் நிச்சயமான உத்தியோகம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1942க்கு வருவோம். எங்கள் ஊர் மூத்தவர்கள் யப்பான்காரன் குண்டு போட்ட காலம் என்று சொல்வது அதைத்தான். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ரங்கூன் யப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. குண்டைவிடப் பெரிய பயம் அரிசி. அன்றைய இலங்கை தனக்கு வேண்டிய அரிசியில் பெரும் பகுதியை வெளியிலிருந்து இறக்கியது. அதில் பர்மா அரிசிதான் பிரதானம். ரங்கூன் போனதும் அந்தக் கப்பல்கள் நின்றன. நாட்டில் எங்கே நெல் விளையுமோ அங்கே உடனே விளைவிக்க வேண்டும். நெல்லுக்குக் கிழக்கை விட்டால் வேறெங்கே போவது? அப்போது அம்பாறை மாவட்டம் என்று ஒன்று இல்லை. கல்முனையும் சம்மாந்துறையும் அக்கரைப்பற்றும் எங்கள் பொத்துவிலும் மட்டக்களப்பு மாவட்டத்தோடு இருந்தன. கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு உதவி அரசாங்க அதிபராக முப்பது வயது அஸீஸ் அனுப்பப்பட்டார்.

அவர் செய்த வேலை எளிமையாகச் சொல்லக்கூடியது, செய்வதற்குக் கடினமானது. காடாகக் கிடந்த அரச காணிகளை வெட்டித் துப்புரவாக்க வைத்து, வேளாண்மை செய்ய ஆட்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். அன்று எங்கள் பக்கத்தில் காணி என்றால் போடியார்மார்தான். வயல் அவர்களுடையது, உழைப்பு மற்றவர்களுடையது. சொந்தமாக ஒரு வரம்பு கூட இல்லாதவர்கள் அந்த யுத்த காலத்தில்தான் முதன்முதலாக ஒரு துண்டுக் காணியில் தங்களுக்காக விதைத்தார்கள். அந்த நன்றியில் மக்கள் வைத்த பெயர்தான் அஸீஸ்துரைக் கண்டம். அரசாங்கம் வர்த்தமானியில் போட்டு வைத்த பெயர்கள் எத்தனையோ மறந்துபோக, விவசாயி தன் வாயால் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

கல்முனைக்கு அவர் கொடுத்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள், கல்முனை அவருக்குக் கொடுத்ததைக் குறைவாகவே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் கதையின் நடுப்பகுதி. இங்கே வரும்போது அவர் ஆங்கிலத்தில் சிந்திக்கப் பழகிய ஓர் உத்தியோகத்தர். இங்கே அவருக்கு இரண்டு பேருடைய உறவு கிடைத்தது. ஒருவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். மற்றவர் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை. ஒருவர் காவியுடை தரித்த துறவி. தமிழையும் விஞ்ஞானத்தையும் ஒருங்கே கற்றவர். மற்றவர் ஆசிரியத் தொழில் செய்த முஸ்லிம் கவிஞர். அல்லாமா இக்பாலின் சிந்தனையில் ஊறியவர், பின்னாளில் 'இக்பால் இதயம்' என்ற நூலை எழுதியவர். இந்த இரண்டு பேரோடும் பழகிய பின்புதான் அஸீஸ் தன்னுடைய மொழியின் பக்கமும் தன்னுடைய சமூகத்தின் பக்கமும் முழுமையாகத் திரும்பினார். பொத்துவிலிலிருந்து கல்முனைக்குப் பஸ்ஸில் வரும்போது காரைதீவுச் சந்தியில் விபுலாநந்தரின் சிலையைக் கடந்து வருகிறோம். அந்த இடத்தில் பஸ் மெதுவாகத் திரும்பும்போதெல்லாம், காரில் வந்த ஒரு முஸ்லிம் உத்தியோகத்தரும் ஒரு சுவாமியாரும் தமிழைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு காலம் இந்த மண்ணில் இருந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

இக்பாலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அஸீஸின் சிந்தனைக்கு அவர்தான் பெரிய ஊற்று. இக்பாலும் கேம்பிரிட்ஜில் படித்தவர். ஐரோப்பாவின் தத்துவங்களைக் கரைத்துக் குடித்தவர். 1929ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் நமக்கு மிகப் பக்கத்திலுள்ள சென்னைக்கு வந்து, இஸ்லாமிய மார்க்கச் சிந்தனையை மீளக் கட்டியெழுப்புவது பற்றி ஆங்கிலத்தில் சொற்பொழிவுகள் ஆற்றினார். பின்னர் நூலாக வந்த அந்தத் தொடரில் இஜ்திஹாத் பற்றி அவர் பேசிய பகுதி மிகவும் பிரசித்தமானது. இஜ்திஹாத் என்பது தன்னிஷ்டப்படி மார்க்கத்தை வளைப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நபி (ஸல்) அவர்கள் முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, வழக்கொன்று வந்தால் எதைக் கொண்டு தீர்ப்பளிப்பீர் என்று கேட்டார்கள். முதலில் அல்லாஹ்வின் வேதம், அதில் காணாவிட்டால் தூதரின் வழிமுறை, அதிலும் காணாவிட்டால் தன் அறிவைச் செலுத்தி முழுமுயற்சி செய்வேன் என்று அவர் பதில் சொன்னார். நபியவர்கள் மகிழ்ந்தார்கள். மத்ரஸாவிலேயே நாம் கேட்டுவிட்ட சம்பவம்தான் இது. அதிலுள்ள மூன்றாவது படியை முஸ்லிம் சமூகங்கள் பல நூற்றாண்டுகளாக மிதிக்காமல் விட்டுவிட்டன என்பதே இக்பாலின் கவலை. முயற்சி நின்றால் மார்க்கம் நின்றுவிடாது, ஆனால் மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

அஸீஸ் இந்தக் கவலையை இலங்கைக்குக் கொண்டுவந்தார். அவர் ஆலிம் அல்லர். ஃபத்வா கொடுக்கவும் போகவில்லை. தன்னால் முடிந்தது கல்வி என்று கண்டார். கல்முனையில் இருந்த காலத்திலேயே முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றை அமைத்தார். கிழக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கையில் காசில்லை என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். பின்பு கண்டியில் கடமையாற்றும்போது, 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தை ஆரம்பித்தார். பள்ளிவாசல் கட்டப் பணம் சேர்ப்பது எங்கள் சமூகத்துக்கு ஒருபோதும் கடினமாக இருந்ததில்லை. ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் பணம் சேர்ப்பதும் நன்மையான காரியந்தான் என்று தனவந்தர்களுக்கு விளங்க வைப்பதுதான் கடினம். அதை அவர் படியேறிப் படியேறிச் செய்தார்.

மேலே ஞாபகத்தில் வைக்கச் சொன்ன உத்தியோகத்துக்கு இப்போது வருகிறேன். கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியை 1921 தொடக்கம் கட்டி வளர்த்தவர் டி. பி. ஜாயா. சுதந்திர இலங்கையின் அமைச்சரவைக்கு அவர் போனதும் கல்லூரிக்கு ஓர் அதிபர் தேவைப்பட்டார். அஸீஸ் சிவில் சேவையை இராஜினாமாச் செய்துவிட்டு 1948இல் அந்த நாற்காலிக்குப் போனார். வயது 36. அரசாங்க அதிபராகி, செயலாளராகி, இன்னும் உயரக்கூடிய ஒருவர், சம்பளம் கொடுக்கவே திண்டாடும் ஒரு பாடசாலைக்குப் போனார். எங்கள் வீடுகளில் யாராவது இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அரசாங்க உத்தியோகத்தை விட்டவனுக்குப் பொண்ணும் கொடுக்கமாட்டார்கள்!

ஸாஹிறாவில் அவர் இருந்தது 1961 வரை, பதின்மூன்று ஆண்டுகள். அந்தக் கல்லூரி முஸ்லிம்களின் சிந்தனைக்கும் பண்பாட்டுக்கும் ஒளி வீசும் மையமாக வேண்டும் என்பது அவர் கனவு. பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை உயர்ந்தது. கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கிப் படித்தார்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, தமிழ், சிங்களப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருந்தது. பிற்காலத்தில் தமிழுலகம் முழுக்க அறிந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஸாஹிறாவில் படித்தவர், அங்கே படிப்பித்தவரும் கூட. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஒரு முஸ்லிம் பிள்ளைக்குத் தமிழைக் கொடுத்தது. அந்தப் பிள்ளை அதிபரான கல்லூரியில் கரவெட்டிப் பிள்ளை ஒருவர் படித்தார். 1950இல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கங்களின் பேரவையையும் அவர் தொடக்கி வைத்தார். வை.எம்.எம்.ஏ. என்று ஊர் ஊராகப் பலகை தொங்குகிறதே, அது அங்கிருந்து வந்ததுதான்.

1952இல் செனட் சபைக்கு நியமிக்கப்பட்டார். அவர் இருந்தது ஐக்கிய தேசியக் கட்சியில். 1956இல் அந்தக் கட்சியும் சிங்களம் மட்டும் என்ற கொள்கைக்கு மாறியபோது, அஸீஸ் கட்சியை விட்டு விலகினார். முஸ்லிம் தலைவர்கள் எல்லோரும் அந்த முடிவை எடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிங்களவர் மத்தியில் சிதறி வாழும் தெற்கு முஸ்லிம்களின் நிலைமை வேறு, வியாபாரம் வேறு, பயம் வேறு. சிங்களம் மட்டும் சட்டத்தை ஆதரித்த முஸ்லிம் தலைவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும். ஆனால் இலங்கை முஸ்லிம்களின் வீட்டு மொழி தமிழ் என்பதில் அஸீஸுக்குத் தளம்பல் இருக்கவில்லை.

இந்த இடத்தில் என் விஷயம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பேச வேறொரு ஊருக்குப் போயிருந்தேன். பேசி முடித்து இறங்கியதும் அங்கிருந்த ஒருவர் அன்பாகத்தான் கேட்டார், முஸ்லிம் பிள்ளை இவ்வளவு நல்ல தமிழ் எங்கே படித்தது என்று. நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் ஒரு சொந்தக்காரர், தமிழை இவ்வளவு படித்து என்ன, அறபைப் படித்தாலாவது நன்மை கிடைக்கும் என்றார். ஒரே கிழமையில் இரண்டு பக்கத்தாலும்! ஒருவருக்கு நான் தமிழுக்கு விருந்தாளி. மற்றவருக்குத் தமிழ் மார்க்கத்துக்கு விருந்தாளி.

இரண்டு பேருக்கும் அஸீஸிடம் பதில் இருக்கிறது. அவருடைய கட்டுரைகளில் ஒன்றின் தலைப்பு 'அறபுத்தமிழ் எங்கள் அன்புத்தமிழ்'. அறபு எழுத்தில் தமிழை எழுதுவதுதான் அறபுத்தமிழ். எங்கள் உம்மம்மாமாருக்குத் தெரிந்த எழுத்து அதுதான். பாடசாலைக்குப் போகாத பெண்கள் குர்ஆன் மத்ரஸாவில் அறபு எழுத்தைப் படித்தார்கள். அந்த எழுத்தைக் கொண்டே தொழுகையின் சட்டங்களையும் மாலைகளையும் தமிழில் வாசித்தார்கள். தமிழுக்கென்றே உரிய சில ஒலிகள் அறபில் இல்லை என்பதால், அறபு எழுத்துகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புது எழுத்துகளையே உண்டாக்கினார்கள். அந்நிய மொழி என்றால் இவ்வளவு பாடுபட்டு அதற்கு எழுத்துச் செய்வார்களா? அறபுத்தமிழைப் பார்க்கும் அறபி அதை உச்சரிப்பார், விளங்கமாட்டார். தமிழர் கேட்டால் விளங்குவார், வாசிக்கமாட்டார். இரண்டும் தெரிந்தவள் என் உம்மம்மா. மார்க்கமும் மொழியும் ஒன்றையொன்று தள்ளுகிறது என்று சொல்பவர்கள் அந்தப் பழைய கிதாபு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இலங்கை முஸ்லிம்களில் அறபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்று அருகிவிட்டார்கள் என்பது வேறு துக்கம்.

அஸீஸ் தமிழில் எழுதிய நூல்களில் முக்கியமானது 'இலங்கையில் இஸ்லாம்'. 1963இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. பயண நூல்களும் எழுதினார்: 'மிஸ்றின் வசியம்', 'கிழக்காபிரிக்கக் காட்சிகள்', 'ஆபிரிக்க அனுபவங்கள்', 'தமிழ் யாத்திரை'. மிஸ்று என்பது எகிப்து. அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்த துணிவு எனக்குப் பிடிக்கும். முஸ்லிம்கள் வாய்மொழியில் சொல்லும் சொல் அச்சுத் தமிழிலும் நிற்கலாம் என்று காட்டியிருக்கிறார். 1964இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வந்தது, மேற்குலகை மீண்டும் மதிப்பிட்டுப் பார்ப்பது பற்றி. மேற்கு நாடுகளைப் பற்றி எங்களிடம் அன்றும் இன்றும் இரண்டு பழக்கங்கள் உண்டு. அங்கிருந்து வருவது எல்லாம் ஹராம் என்று வாயால் சொல்வது ஒன்று. அங்கிருந்து வருவதையெல்லாம் யோசியாமல் வாங்கிக் கொள்வது மற்றது. பல நேரம் ஒரே ஆளே இரண்டையும் செய்வார், கையடக்கத் தொலைபேசியில் மேற்கைத் திட்டுகிற மாதிரி. மேற்கின் கல்வியையும் ஒழுங்கையும் ஆராய்ச்சி மனப்பான்மையையும் முஸ்லிம்கள் பயமில்லாமல் எடுக்கலாம், ஏனென்றால் அவற்றில் பலவற்றை ஐரோப்பாவுக்குக் கொடுத்தவர்களில் நம் முன்னோர்களும் இருந்தார்கள். ஆனால் அதன் ஆதிக்கத்தையும் பேராசையையும் அப்படியே தலையில் ஏற்றக் கூடாது. இதுதான் அவர் போன வழி என்று நான் விளங்கிக்கொள்கிறேன். நிறுத்து வாங்கும் வியாபாரியின் வழி. எமது சமூகத்துக்குத் தெரியாத தொழிலா அது?

அவரைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அவருக்கே பிடிக்காது என்று நினைக்கிறேன், அவர் வரலாற்று மாணவர். எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. ஒன்று, அவருடைய கனமான சிந்தனைகளில் பல ஆங்கிலத்தில் தங்கிவிட்டன. தமிழுக்காகக் கட்சியை விட்டவர், மேற்கைப் பற்றிய தன் நூலைத் தமிழிலே எழுதியிருந்தால் எங்கள் வாப்பாமார்களும் வாசித்திருப்பார்கள். மற்றது எங்களைப் பற்றியது. ஸாஹிறா ஆண்கள் கல்லூரி. அவருடைய சக்தியின் பெரும் பகுதி அங்கேதான் போனது. அவருக்கு முன்னோடியான அறிஞர் சித்திலெப்பை 1890களின் தொடக்கத்திலேயே கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தவர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, 1885இல் 'அஸன்பேயுடைய கதை' என்று இலங்கையின் முதல் தமிழ் நாவலையும் எழுதியவர் அவர். அந்த இடத்திலிருந்து பார்த்தால், அஸீஸின் காலத்தில் பெண் கல்வி இன்னும் வேகமாக ஓடியிருக்கலாம். கிழக்கில் முஸ்லிம் பெண்பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக உயர்தரம் படிக்க வந்தது அவர் மறைந்த பிறகுதான்.

ஆனாலும் அவர் போட்ட கணக்கு எங்கள் வீடுகளில் இன்னும் தீர்க்கப்படாமல் இருக்கிறது, அதனால்தான் இதைப் பெற்றோரும் வாசிக்கும் மலரில் எழுத விரும்பினேன். பொத்துவிலிலிருந்து இங்கே வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறேன். நான் வரும்போது ஊரில் கேட்ட கேள்வி, பெண்பிள்ளையை இவ்வளவு தூரம் விடத்தான் வேணுமா என்பது. கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். வாப்பா அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை, என் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்தார். 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, அடுத்த ஆண்டு அது பல்கலைக்கழகமான பின் பலருக்குத் தூரம் குறைந்தது. ராத்தா அங்கே படித்தபோது பகல் பஸ்ஸில் போய்வர முடிந்தது. எனக்குக் கிடைப்பது பேராதனையாகவோ யாழ்ப்பாணமாகவோ இருந்தால் அதே கேள்வி திரும்ப வரும். பல்கலைக்கழகத்தில் ஹிஜாபோடு இருந்து, சுபஹைத் தவறவிடாமல் தொழுது, மற்றச் சமூகத்துப் பிள்ளைகளோடு ஒரே மேசையில் படிக்க முடியுமா என்று அவர்கள் உண்மையாகவே அறிய விரும்புகிறார்கள். குர்ஆனை ஓதிக்கொண்டு இந்துக் கல்லூரிக்குப் போன பிள்ளையின் வாழ்க்கையை நான் அவர்களுக்குக் காட்டுவேன். அது ஆண்பிள்ளையின் கதைதானே என்பார்கள். அதற்குப் பதிலை நாங்கள்தான் படித்துக் காட்ட வேண்டும், அஸீஸ் வந்து தரமாட்டார்.

அஸீஸ் 1963இலிருந்து சில காலம் அரசாங்க சேவை ஆணைக்குழுவில் இருந்தார். 1973 நவம்பர் 24ஆம் திகதி வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 62. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்கு இலக்கியக் கலாநிதிப் பட்டத்தை, மறைந்த பின், வழங்கியது. 1986இல் அவர் படத்தோடு முத்திரை வெளிவந்தது.

யாழ்ப்பாணம் அந்தப் பட்டத்தைக் கொடுத்துப் பத்து ஆண்டுகளில், 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அஸீஸ் ஓடி விளையாடிய தெருக்கள் ஒரே நாளில் வெறிச்சோடின. அவர் உயிரோடு இருந்திருந்தால் 79 வயது முதியவராக அதைக் கேட்டிருப்பார். தமிழைத் தன் வீட்டு மொழி என்று செனட் வரை கொண்டுபோனவருக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். வெளியேற்றப்பட்டவர்கள் புத்தளத்து முகாம்களில் என்ன மொழியில் அழுதார்கள் என்றும் யோசித்தேன். தமிழில்தான். பிள்ளைகளுக்குத் தாலாட்டியதும் அதே மொழியில்தான். சிலர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள், பலர் திரும்பவில்லை. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்தால் முதல் விடுமுறையில் வண்ணார்பண்ணைப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும், அல்லாஹ் நாடினால்.

எங்கள் கல்லூரி நூலகத்தில் 'இலங்கையில் இஸ்லாம்' ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. அட்டை கிழிந்திருக்கிறது, உள்ளே தாள்கள் எல்லாம் உண்டு. இந்தக் கட்டுரை முடியும் வரை அது என்னிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டேன். சமயப் புத்தகங்கள் உள்ள இரண்டாவது அலுமாரியில், மேல் தட்டில் இருக்கும்.